உடையாத குளத்தின் தீர்க்கதரிசி

மாங்குளத்துக்குச் சற்று முன்னால் பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கி அடியில் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, "ஒருத்தரும் அந்தரப்படாதேங்கோ, ஆறுதலா இறங்குங்கோ" என்றார். எங்கள் நாகர்கோவிலில் ஆறுதல் என்பது துக்க வீட்டில் சொல்வது. வண்டி கெட்டுப்போனதற்கு எங்களைத் தேற்றுகிறாரே, எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். இங்கே அதற்கு 'மெதுவாக' என்று பொருள் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் ஆறுதலாகச் சாப்பிடச் சொன்னார்கள், ஆறுதலாகக் குளிக்கச் சொன்னார்கள். என் முகத்தில் அப்படி என்ன சோகம் தெரிகிறது என்று கண்ணாடியில்கூடப் பார்த்தேன்.

நான் ஒரு இறையியல் கல்லூரியில் பழைய ஏற்பாடு நடத்துபவள். இலங்கையில் கிளிநொச்சிக்கு அருகே, அக்கராயன் பக்கத்தில் ஒரு சின்னச் சபை; அதன் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்குத் தீர்க்கதரிசிகளைப் பற்றி வகுப்பெடுக்க அழைத்திருந்தார்கள். மார்கழியில் வன்னிக்குப் போகாதே, வெள்ளம் வரும் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் எனக்கு விடுமுறை கிடைப்பது மார்கழியில்தான்.

தூறலில் நின்றுகொண்டிருந்தபோது நெல் ஏற்றப் போகும் வெற்று லொறி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டியவரைப் பஸ் ஆட்கள் "ரபீக் நானா" என்று கூப்பிட்டார்கள். முல்லைத்தீவில் பிறந்து, சண்டைக் காலத்தில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, இப்போது வவுனியாவில் நெல் வியாபாரம் செய்பவர். என்னை முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டார். ஒரு மீன் பணிசையும் கையில் கொடுத்தார். பணிஸ் என்றால் பன்; உள்ளே மிளகாய் போட்ட மீன். முதல் கடியிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்ன படிப்பிக்கப் போறீங்க ரீச்சர்?" என்றார்.

சொன்னேன்.

"நபிமாரைப் பத்தியா! நூஹ் நபி, மூஸா நபி, யூனுஸ் நபி எல்லாரும் எங்களுக்கும் நபிமார்தான். அவங்களைப் பத்தி என்ன கேள்வி?"

"பெரிய தீர்க்கதரிசி என்று யாரைச் சொல்வது? அதுதான் முதல் கேள்வி."

ஒரு பள்ளத்தைச் சுற்றி லொறியை நெளித்தார். "நூஹ் நபியைப் பாருங்க. நூறு நூறு வருஷமாச் சொல்லிப் பாத்தவர். சனம் காதில விரலை வெச்சுக்கொண்டு போச்சுதாம். அதுக்குப் பிறகும் அடுத்த நாள் எழும்பிப் போய்ச் சொன்னவரெல்லோ. நான் எண்டா ரெண்டாம் நாளே லொறியைத் திருப்பியிருப்பன்."

நோவாவைப் பற்றி இதை என் மாணவர்கள் யாராவது எழுதியிருந்தால் நல்ல மதிப்பெண் போட்டிருப்பேன்.

கிளிநொச்சிச் சந்தியில் என்னை அழைத்துப்போகக் காத்திருந்தவர் அருமைநாயகம். அறுபது வயதுக் கமக்காரர், அதாவது விவசாயி. போதகர் மாதத்துக்கு ஒரு தடவைதான் அந்தச் சபைக்கு வருவார் என்றும், மற்ற ஞாயிறுகளில் வேதம் வாசித்துப் பிரசங்கிப்பவர் இவர்தான் என்றும் போன வருடம் வந்த முதல் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். உழவு மெசினோடு, அதாவது டிராக்டரோடு, வந்திருந்தார். பின்பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நான்கு பக்கமும் கயிற்றால் கட்டி, குடையும் வைத்திருந்தார்.

"ரீச்சர், றோட்டு முழுக்கச் சேறு. ஓட்டோ வராது. குறை நினையாதேங்கோ."

அந்தச் சிம்மாசனத்தில் குடை பிடித்தபடி, வயல்களுக்கு நடுவே குலுங்கிக் குலுங்கிப் போனேன். வரப்பில் நின்றவர்கள் கை காட்டினார்கள். நானும் மகாராணிபோல் கை காட்டினேன். ஊர் எல்லையில் சைக்கிளில் வந்த ஒருவர் ஓரமாக ஒதுங்கி நின்று, "என்ன தீர்க்கதரிசி, மழை இன்னும் கூடுமோ?" என்று கேட்டுச் சிரித்தார். அருமைநாயகம் திரும்பிப் பார்க்கவில்லை. ஊர்க்காரர்கள் பிரசங்கியாரைச் செல்லமாக அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன்.

அன்றே அவரை நான் 'அண்ணாச்சி' ஆக்கிவிட்டேன். எங்கள் பக்கத்து வழக்கம் அது. அவருக்கு அந்தச் சொல் பிடித்துப்போய்விட்டது. அவருடைய மனைவி ரஞ்சி அக்காவிடம் போய், "இனி நீயும் அப்பிடிக் கூப்பிடு" என்றார். "எனக்கு வேற வேலை இல்லையோ" என்று அவர் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை குசினியில் புட்டு, சொதி, தேங்காய்ச் சம்பல், அதோடு குளத்து விரால் பொரியல். எங்கள் ஊர்ப் புட்டுக்குப் பழமும் கடலைக் கறியும்தான் துணை. காலையிலேயே மீனா என்று முதல் வாய் வரைக்கும் தயங்கினேன். இரண்டாவது வாய்க்குப் பிறகு தயக்கம் இல்லை. மூன்றாவது தடவை விராலை என் தட்டில் வைத்தபோது மறுக்கவும் இல்லை.

தகரக் கூரை போட்ட சபைக் கோயில். மழை பெய்தால் ஏசாயா தீர்க்கதரிசியே வந்தாலும் கத்தித்தான் பேச வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். அண்ணாச்சி கடைசி பெஞ்சில், இவர்கள் பேச்சில் வாங்கில், இருந்தார்.

"மிகப் பெரிய தீர்க்கதரிசி யார்?" என்று ஆரம்பித்தேன்.

எலியா, வானத்திலிருந்து நெருப்பு இறக்கினவர் என்றார் ஒருவர். தானியேல், சிங்கம் தொடாதவர் என்றார் இன்னொருவர். பெரிய தீர்க்கதரிசிகள், சின்னத் தீர்க்கதரிசிகள் என்று நாமே பிரித்து வைத்திருக்கிறோமே, அதன்படி ஏசாயாதான் என்றார் மூன்றாமவர். அந்தப் பிரிவு ஆளைப் பார்த்துச் செய்ததல்ல, எழுத்தின் நீளத்தைப் பார்த்துச் செய்தது என்றேன். யூதர்கள் அந்தப் பன்னிரண்டு சின்னவர்களையும் ஒரே சுருளில் வைத்திருந்தார்கள். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள்.

யூதர்களுக்கு மோசேதான் எல்லாருக்கும் மேலே என்று தொடர்ந்தேன். கடவுளோடு முகமுகமாய்ப் பேசியவர் என்பது ஒரு காரணம். அவர்களுடைய பழைய ஆசிரியர்கள் சிலர் வேறொன்றையும் சொல்வார்கள். நோவாவிடம் வெள்ளம் வரும் என்று சொல்லப்பட்டது. அவர் பேழையைச் செய்தார், தன் வீட்டாரை ஏற்றினார், ஊருக்காக ஒரு வார்த்தை மன்றாடியதாக எழுதப்படவில்லை. ஆபிரகாம் சோதோமுக்காகக் கடவுளோடு பேரம் பேசினார். மோசேயோ, இந்த ஜனத்தை மன்னிக்காவிட்டால் உம் புத்தகத்திலிருந்து என் பேரையும் கிறுக்கிப்போடும் என்றார். ரபீக் நானாவின் நோவா இந்த நோவாவைவிடப் பெரியவர் என்று எனக்குள் தோன்றியது. அதையும் சொன்னேன். நம் பக்கத்தில் பார்த்தால், இயேசு தமக்கு முன்னால் வந்தவர்களில் யோவான் ஸ்நானகனுக்கு மேல் பெரியவர் இல்லை என்றார். அந்த யோவான் ஒரு அற்புதம்கூடச் செய்யவில்லை.

பாலர் பாடசாலையில் படிப்பிக்கும் றோஸ்மேரி கையை உயர்த்தினார். "அதெல்லாம் சரி ரீச்சர். முதல்ல சொன்னது நடக்கோணும். மோசேயின்ர சட்டத்திலயே கிடக்கு. நடக்காட்டி அவரைக் கர்த்தர் அனுப்பேல்லை எண்டுதானே அர்த்தம்?"

யாரோ இருமினார்கள். "தேத்தண்ணி என்ன மாதிரி எண்டு பாத்திட்டு வாறன்" என்று அண்ணாச்சி எழுந்து வெளியே போனார். ரஞ்சி அக்கா மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். றோஸ்மேரியின் முகம் சிவந்துவிட்டது. யாரையும் குத்திச் சொல்லவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

மத்தியானம் தேங்காய் திருவிக்கொண்டே ரஞ்சி அக்கா விஷயத்தைச் சொன்னார். போன மார்கழியில் அண்ணாச்சிக்கு ஒரு கனவு. ஊர்ச் சின்னக் குளத்தின் கட்டு, அதாவது கரை, உடைந்து வயலெல்லாம் வெள்ளம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எழுந்து, கட்டு உடையும், இது கர்த்தர் சொல்கிற வார்த்தை என்று சொல்லிவிட்டார். ஊர் பயந்துபோனது. கோயிலுக்கு வராத சனமும் வந்து கட்டில் மண் போட்டது. சிலர் பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்தார்கள். மழை பெய்தது, விட்டது. கட்டு அப்படியே நின்றது.

"அண்டையில இருந்து தீர்க்கதரிசி எண்டுதான் கூப்பிடுகினம். கமக்காரர் சங்கத் தலைவர் சிவலிங்கம் அண்ணைதான் பேர் வைச்சவர். ரெண்டு பேரும் பழைய சிநேகிதம், பகிடிக்குத்தான் சொன்னவர். ஆனா இவர் அதோட வாசிக்கிறதையும் விட்டிட்டார், பிரசங்கத்தையும் விட்டிட்டார். ஒரு வருஷமாப் போதகர் வந்தாத்தான் பிரசங்கம். நீங்கள் ஒருக்கா அவரோட கதையுங்கோ ரீச்சர். பொய்த் தீர்க்கதரிசியோ இல்லையோ எண்டு நீங்கள் சொன்னாக் கேப்பார்."

நான் படித்த படிப்பில் அதற்குப் பதில் இருப்பதாக அவர் நம்பினார். இருக்கிறது என்று நானும் நினைத்தேன். யோனா.

மூன்றாம் நாள் மழை கொஞ்சம் ஓய்ந்தது. வகுப்பு முடிந்ததும் அண்ணாச்சி குளத்தைக் காட்டக் கூட்டிப்போனார். நீர் விளிம்பு வரை நிறைந்து, தாமரை இலைகள் கட்டை முட்டிக்கொண்டு கிடந்தன. மதகை இங்கே துருசு என்கிறார்கள், மிகுந்த நீர் வழியும் இடத்தை வான் என்கிறார்கள். எங்கள் நாஞ்சில் நாட்டுக் குளங்களில் பாதியைப் பேருந்து நிலையங்களும் கல்யாண மண்டபங்களும் தின்றுவிட்டன. இங்கே குளம் குளமாகவே இருந்தது.

கட்டின் மேல் நடந்தபடி என் பதிலை ஆரம்பித்தேன். "அண்ணாச்சி, யோனா நினிவேக்குப் போய் ஊர் அழியும்னு சொன்னாரு. அழியல. ஏன்? ஜனங்க கேட்டாங்க. நோவா காலத்துல சொன்னது நடந்துது, அவர் வீட்டாரைத் தவிர யாரும் பிழைக்கல. யோனா சொன்னது நடக்கல, எல்லாரும் பிழைச்சாங்க. உங்க ஊரும் மண் போட்டுதுல்ல?"

அவர் நின்றுவிட்டார். "அது எனக்குத் தெரியும் ரீச்சர். சனம் பகிடி பண்ணினதுக்கு நான் விடேல்லை. பகிடி எனக்குப் பெரிசில்லை."

"பின்ன?"

குளத்தைப் பார்த்தபடி சொன்னார். "சொன்னதுக்குப் பிறகு நாலாம் நாள், மழை விடுற மாதிரி இருந்தது. நான் இந்த இடத்தில நிண்டு பாத்தனான். கட்டு அசையேல்லை. அப்ப எனக்குள்ள ஒரு நினைப்பு வந்தது. உடையட்டும் எண்டு. உடைஞ்சா நான் சொன்னது சரி. என்ர வயலும் உதுக்குக் கீழதான் கிடக்கு. சிவலிங்கத்தின்ர வீடும் அங்கதான். ஒரு நிமிஷம்தான், எண்டாலும் நினைச்சனான். உடையட்டும் எண்டு நினைச்ச வாயால எப்பிடி நான் வேதம் வாசிக்கிறது?"

எத்தனையோ வருடம் நடத்திய பாடம். சொன்னது நடக்கவில்லையே என்ற கோபத்தில் நினிவேக்கு வெளியே உட்கார்ந்து, ஊர் அழியுமா என்று பார்த்துக்கொண்டிருந்த யோனாவைப் பற்றிப் பலகையில் எழுதி, பரீட்சையில் கேள்வியும் கேட்டிருக்கிறேன். அந்த மனிதர் அன்றைக்கு என்ன பாடு பட்டிருப்பார் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

திரும்பி நடக்கும்போதுதான் ஒன்று தோன்றியது. "அண்ணாச்சி, யோனா கோவத்துல உக்காந்திருந்த இடத்துல வேற யாரு இருந்தா?"

"ஒருத்தரும் இல்லை. அவரும் ஆண்டவரும்தான்."

"அப்போ அந்தக் கதை நமக்கு எப்படி வந்துது?"

அவர் என்னைப் பார்த்தார். "அவரேதான் யாருக்கோ சொல்லியிருக்கணும்" என்றேன். இரண்டு கொக்குகள் பறந்து போவதைக் காட்டி, "மழை திரும்ப வரப்போகுது, கெதியா நடவுங்கோ" என்றார்.

வந்தது. அன்று மாலை ஆரம்பித்தது விடியும் வரை நிற்கவில்லை. நான்காம் நாள் காலை நான் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது அண்ணாச்சி முழங்கால் வரை சேற்றோடு வந்தார். கட்டைப் பார்க்கப் போனவர். "துருசுக்கு வடக்குப் பக்கம், கட்டின்ர அடியில தண்ணி கசியுது" என்றார் ரஞ்சி அக்காவிடம். "கசிஞ்சாப் பரவாயில்லை. கலங்கலா வருது. உள்ளுக்குள்ள மண்ணை அரிக்குது."

"சிவலிங்கம் அண்ணையிட்டப் போய்ச் சொல்லுங்கோவன்."

"நான் சொன்னா ஆர் நம்புவினம்?"

"நம்பாட்டி நம்பாமல் போகட்டும். இப்ப போங்கோ!"

குடையை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன். சிவலிங்கம் தன் வீட்டு வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார். எங்களைக் கண்டதும் அவர் கண்ணில் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன நாயகம், திரும்பக் கனவோ?"

அண்ணாச்சிக்கு மூச்சு வாங்கியது. "கனவுமில்லை, ஒண்டுமில்லை. கட்டுக்குக் கீழ கலங்கல் தண்ணி வருது. வந்து பார். பிழை எண்டா இந்த வருஷமும் சிரி."

சிவலிங்கம் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு நடந்தார். அந்த இடத்தில் குந்தி, கசிந்த நீரைக் கையில் ஏந்தி, விரலால் தேய்த்துப் பார்த்தார். கை முழுக்க மண். அதற்குப் பிறகு அவர் ஒரு பகிடியும் சொல்லவில்லை.

பிள்ளையார் கோயில் பக்கத்தில்தான் இருந்தது. சிவலிங்கம் கதவைத் திறந்து ஒலிபெருக்கியைப் போட்டார். ஒலிவாங்கியை அண்ணாச்சியிடம் நீட்டினார். "நீ கண்டனி, நீயே சொல்லு."

அண்ணாச்சி அதை வாங்கினார். பிறகு பேசினார். பிள்ளையார் கோயில் குழாயிலிருந்து சபைப் பிரசங்கியாரின் குரல் மழையைக் கிழித்துக்கொண்டு வயல் தாண்டிப் போனது.

"நான் நாயகம் கதைக்கிறன். துருசுக்கு வடக்கால கட்டு கசியுது. இது கனவில்லை, கண்ணால கண்டது. மண்வெட்டி, உரப்பை, தறப்பாள், என்ன இருக்கோ கொண்டு வாங்கோ. குழந்தைப் பிள்ளையளை மேட்டுக்கு அனுப்புங்கோ. என்னோட கோவமான ஆக்களும் வாங்கோ. தயவு செய்து வாங்கோ."

இதில் "கர்த்தர் சொல்லுகிறார்" என்று எங்குமில்லை. நான் கேட்ட தீர்க்கதரிசனங்களிலேயே சுருக்கமானது இதுதான்.

வந்தார்கள். முதலில் நான்கைந்து பேர், பிறகு உழவு மெசின்கள், பிறகு ஊரே. நீர் வழியும் வானில் அடுக்கியிருந்த பலகைகளைக் கழற்றி நீரைக் குறைத்தார்கள். குளத்துப் பக்கம் தறப்பாள் என்கிற தார்ப்பாயை இறக்கி மண் பைகளால் அழுத்தினார்கள். வெளிப்பக்கம் கசிவைச் சுற்றி மணலும் சல்லியும் கொட்டி வளையம் கட்டினார்கள். றோஸ்மேரி பையின் வாயைப் பிடிக்க, நான் மண் அள்ளிப் போட்டேன். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து நான் செய்த உருப்படியான வேலை அது என்று முதுகு இன்றைக்கும் சொல்கிறது. பிள்ளையார் கோயில் மடைப்பள்ளியில் ரஞ்சி அக்காவும் மற்றப் பெண்களும் பயற்றங்கஞ்சி காய்ச்சினார்கள். மழையில் நின்று குடித்த அந்தக் கஞ்சிக்கு ஈடாக எந்த ஓட்டல் சாப்பாட்டையும் சொல்ல மாட்டேன்.

பின்னேரம் மழை குறைந்தது. சிவலிங்கம் திரும்பவும் குந்தி, கையில் நீரை ஏந்தினார். தெளிந்திருந்தது. அதை அண்ணாச்சியின் கையில் ஊற்றிக் காட்டினார். இரண்டு பேரும் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு நீர்ப்பாசன அலுவலகத்திலிருந்து வந்த இளம் பொறியியலாளர், இன்னும் சில மணி நேரம் விட்டிருந்தால் கட்டு போயிருக்கும் என்றார்.

மறுநாள் ஞாயிறு, நான் புறப்படும் நாள். சிவலிங்கம் தன் உழவு மெசினில் என்னைக் கிளிநொச்சியில் விடுவதாகச் சொல்லியிருந்தார். ஆராதனை முடியும் முன்பே வந்து, கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

வேத வாசிப்பு நேரம். றோஸ்மேரி எழுந்து போய்க் கடைசி வாங்கில் இருந்த அண்ணாச்சியிடம் வேதத்தைக் கொடுத்தார். "நீங்கள் வாசியுங்கோ" என்றார். அவ்வளவுதான். அண்ணாச்சி முன்னால் வந்தார். யோனாவின் கடைசிப் பகுதியை வாசித்தார். நினிவேயின் ஜனங்களுக்காகவும், அங்கிருந்த மிருகஜீவன்களுக்காகவும் நான் இரங்க வேண்டாமா என்று கடவுள் கேட்கிற இடத்தில் அது முடிகிறது. யோனாவின் பதில் எழுதப்படவில்லை.

வேதத்தை மூடிவிட்டு அவர் அங்கேயே நின்றார். பிறகு, கட்டின் மேல் என்னிடம் சொன்னதை எல்லோருக்கும் சொன்னார். போன வருஷம் உடையட்டும் என்று தான் நினைத்ததை. ஒரு நிமிஷம் என்று குறைக்கவில்லை, கனவின் மேல் பழி போடவில்லை. "வாசலில நிக்கிற சிவலிங்கத்தின்ர வீடும் போகட்டும் எண்டுதான் நினைச்சனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று முடித்தார். ரஞ்சி அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இது அவருக்கும் புதுச் செய்தி.

வாசலில் நின்ற சிவலிங்கம் தொண்டையைச் செருமினார்.

"நாயகம், நீ சொல்லிப்போட்டாய், நானும் சொல்லுறன். போன வருஷம் நான் மூண்டு நாள் மண் சுமந்தது உன்ர சொல்லை நம்பியில்லை. உன்னைப் பொய்யாக்க வேணும் எண்ட எரிச்சலில சுமந்தனான்."

முதலில் சிரித்தது றோஸ்மேரி. பிறகு கோயில் முழுக்கச் சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்தார், நான் வந்ததிலிருந்து அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"எரிச்சலில எண்டாலும் சுமந்தனியெல்லோ," என்றார். "அது காணும். உள்ளுக்கு வந்து இரு."

சிவலிங்கம் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணாச்சி பாட்டு எண்ணைச் சொன்னார்.